பாலினஸ்லோவில் குடியேற: முதல் மூன்று மாதத்துக்கு ஒரு வழிகாட்டி

அயர்லாந்தில் வேலை என்றதும் தெரிந்தவர்கள் எல்லாரும் டப்ளினைப் பற்றித்தான் சொல்வார்கள். எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் என் மனைவிக்கு நர்ஸ் வேலை கிடைத்தது கால்வே கவுண்டியின் கிழக்கு ஓரத்தில், பாலினஸ்லோ என்ற சந்தை ஊரில். இங்கே வந்த பிறகு பெட்டியும் இரண்டு பிள்ளைகளுமாக நாங்கள் பட்ட பாட்டில் பாதி, எந்தக் காரியத்தை எதற்கு முன்னால் செய்ய வேண்டும் என்று தெரியாததால் வந்தது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். இங்கே எல்லாக் கதவுக்கும் சாவி, உங்கள் பெயரும் முகவரியும் சேர்ந்து இருக்கிற ஒரு காகிதம். அது கைக்கு வரும் வரை வங்கிக் கணக்கு, வரி எண், பள்ளி, டாக்டர் எதுவும் நகராது. அதனால் மற்ற எல்லாவற்றையும் அதைச் சுற்றியே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

1. ஊர் எப்படிப்பட்டது

ஆறாயிரம் பேருக்குச் சற்று அதிகமாக வாழும் ஊர். ஷானன் நதியில் போய்ச் சேரும் சக் ஆறு ஊரை ஒட்டி ஓடுகிறது. மெயின் ஸ்ட்ரீட், சொசைட்டி ஸ்ட்ரீட், டன்லோ ஸ்ட்ரீட் என்று மூன்று தெருவைச் சுற்றி வந்தால் ஊரின் நடுப்பகுதியைப் பார்த்தாயிற்று. போர்ட்டியன்குலா பல்கலைக்கழக மருத்துவமனை ஊருக்குள்ளேயே இருப்பதால் நம்மவர்கள் பெரும்பாலும் அந்த வேலைக்காகத்தான் இங்கே வருகிறார்கள்.

டப்ளின் ஹியூஸ்டன் நிலையத்துக்கும் கால்வேக்கும் இடையே ஓடும் ரயில் இங்கே நிற்கும். டப்ளினிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும். கால்வே கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர், கிழக்கே அத்லோன் 25 கிலோமீட்டர். ஊரில் கிடைக்காத எதற்கும் இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் போக வேண்டும். ரயில் டிக்கெட்டை முன்கூட்டி இணையத்தில் எடுத்தால் விலை குறையும். ஞாயிற்றுக்கிழமை வண்டிகளின் எண்ணிக்கை குறைவு, கால அட்டவணையைப் பார்க்காமல் பிள்ளைகளோடு நிலையத்துக்குக் கிளம்பாதீர்கள்.

2. கிளம்பும் முன் நம் ஊரிலேயே முடிக்க வேண்டியவை

இங்கே வந்த பிறகு நம் ஊர்க் காகிதத்தை வாங்குவது பெரும் பாடு. அப்பாவையோ தம்பியையோ அலுவலகம் அலுவலகமாக அலைய விடுவதைவிட நீங்களே முடித்துவிட்டு வாருங்கள்.

முதலில் பெயர். நம் ஊரில் இனிஷியல் வைத்துப் பழகிவிட்டோம். இங்கே எல்லாப் படிவத்திலும் பெயர் ஒரு கட்டம், குடும்பப் பெயர் இன்னொரு கட்டம், இரண்டையும் நிரப்பியாக வேண்டும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், கிளம்பும் முன்பே அப்பா பெயரையோ கணவர் பெயரையோ அதில் சேர்த்துப் புதிய பாஸ்போர்ட் வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் வேலை இடத்தில் ஒரு மாதிரி, வங்கியில் ஒரு மாதிரி, வரி அலுவலகத்தில் இன்னொரு மாதிரி பெயர் பதிவாகும். பிறகு மூன்றையும் ஒன்றாக்க மாதக் கணக்கில் கடிதம் எழுத வேண்டிவரும். பாஸ்போர்ட்டில் மாற்றினால் வேலை ஒப்பந்தம், விசா விண்ணப்பம் எல்லாவற்றிலும் அதே எழுத்துகள் இருக்கின்றனவா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

திருமணச் சான்று சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ததாக இருக்க வேண்டும். கோயிலிலோ மண்டபத்திலோ கொடுத்த சான்று போதாது. பிள்ளைகளின் பிறப்புச் சான்று பெயரோடு இருக்க வேண்டும், பெயர் சேர்க்காத பழைய சான்று பயன்படாது. தமிழில் உள்ள எதற்கும் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையும் பள்ளி மாற்றுச் சான்றும் கைப்பையில் இருக்கட்டும், செக்-இன் பெட்டியில் வேண்டாம்.

பலர் மறப்பது ஓட்டுநர் உரிமம். உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் உரிமத்தின் விவரச் சான்று, அதாவது எக்ஸ்ட்ராக்ட், வாங்கிவிடுங்கள். எந்த வகை வண்டி, எந்த நாளிலிருந்து என்ற விவரம் அதில் இருக்கும். அது எதற்கு என்று கார் பகுதியில் சொல்கிறேன்.

விசாக் கட்டணம் ஒருமுறை நுழைய 60 யூரோ, பலமுறை நுழைய 100 யூரோ. வேலை அனுமதியை முதலாளி கட்டுகிறாரா, நீங்கள் கட்டுகிறீர்களா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். ஆள் பற்றாக்குறை உள்ள திறன் வேலைகளுக்குத் தரும் கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் அனுமதிக்கு, இரண்டு வருடத்துக்கு 1,000 யூரோ. விண்ணப்பம் மறுக்கப்பட்டால் 90 சதவீதம் திரும்பி வரும். நர்ஸ் வேலை இந்தப் பட்டியலில் உள்ளது. அந்த அனுமதி உள்ளவரின் கணவனோ மனைவியோ காத்திருக்காமல் கூடவே விண்ணப்பிக்கலாம். வந்து பதிவு செய்ததும் ஸ்டாம்ப் 1ஜி என்ற தங்கும் அனுமதி கிடைக்கும், அதில் தனி வேலை அனுமதி இல்லாமலே வேலை பார்க்கலாம்.

கையில் எவ்வளவு பணம்? என் கணக்கு இது: நீங்கள் பார்க்கும் வீட்டின் மாத வாடகையைப் போல மூன்று மடங்கு, அதற்கு மேல் 1,500 யூரோ. அதில் இரண்டு மடங்கு வீட்டுக்கே போய்விடும். மீதி, முதல் சம்பளம் ஒழுங்காக வரும் வரை தாங்கும்.

3. வீடு

சின்ன ஊர், வாடகை குறைவு, வீடு சுலபமாகக் கிடைக்கும் என்று நினைத்துத்தான் நாங்களும் வந்தோம். டப்ளினோடு பார்த்தால் வாடகை குறைவுதான். ஆனால் ஒரு நேரத்தில் வாடகைக்கு வரும் வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மருத்துவமனைக்குப் புதிதாக வரும் எல்லாரும் அதே வீடுகளைத்தான் பார்ப்பார்கள்.

அதனால் முதல் வேலை, வேலை தருபவரிடம் தற்காலிகத் தங்குமிடம் உண்டா, எத்தனை வாரம், குடும்பத்தோடு தங்கலாமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்வது. பல இடங்களில் வேலைக்கு வரும் ஆளுக்கு மட்டும்தான் அறை இருக்கும். முடிந்தால் வேலைக்கு வருபவர் முதலில் வரட்டும், வீடு பிடித்த பிறகு குடும்பம் வரட்டும். நாங்கள் எல்லாரும் ஒன்றாக வந்து, மூன்று வாரம் நாலு பேரும் ஒரே அறையில் இருந்தோம். பிள்ளைகளுக்கு அது நல்லதல்ல.

விளம்பரங்களுக்கு டாஃப்ட் தளத்தைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். காலையிலும் மாலையிலும் பாருங்கள், வந்த உடனே எழுதுங்கள். "வீடு காலியா?" என்று ஒரு வரி எழுதினால் பதில் வராது. யார் யார் வருகிறீர்கள், எங்கே வேலை, எப்போது குடிவர முடியும், வேலைக் கடிதம் கையில் உண்டு என்று நாலு வரி எழுதுங்கள். ஆனால் இந்த ஊரில் எங்களுக்கு வீடு கிடைத்தது விளம்பரத்தால் அல்ல, வாய்ப்பேச்சால். மனைவியோடு வேலை பார்க்கும் ஒரு அம்மா தன் தங்கையின் பக்கத்து வீடு காலியாகப் போகிறது என்று சொன்னார். வார்டில், மருந்துக்கடையில், தேவாலயத்தில் எங்கே போனாலும் வீடு தேடுகிறோம் என்று சொல்லிவையுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை, இங்கே எல்லாரும் அப்படித்தான் தேடுகிறார்கள்.

முன்பணத்தில் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. டெபாசிட் ஒரு மாத வாடகை, முன்வாடகை ஒரு மாதம், மொத்தம் இரண்டு மாதத்துக்கு மேல் கேட்கக் கூடாது. நம் ஊரில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்கள் மூன்று, நான்கு மாதம் கேட்டாலும் தலையாட்டிவிடுகிறோம். வேண்டாம்.

ஏமாற்று விளம்பரங்களும் உண்டு. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருப்பார், சாவியைக் கூரியரில் அனுப்புவதாகச் சொல்வார், டெபாசிட்டை மட்டும் இப்போதே அனுப்பச் சொல்வார். படத்தில் வீடு அழகாக இருக்கும், வாடகை ஊர் விலையைவிடக் குறைவாக இருக்கும். வீட்டுக்குள் காலெடுத்து வைக்காமல் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். ஏஜென்ட் என்றால் அவருக்கு உரிம எண் இருக்க வேண்டும், கேட்டால் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

வீடு பார்க்கப் போகும்போது சுவரைத் தொட்டுப் பாருங்கள். அலமாரிக்குப் பின்னால், படுக்கையறை மூலையில், ஜன்னல் ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் பூஞ்சை. பி.இ.ஆர். என்ற எரிசக்தித் தரம் ஏ1 முதல் ஜி வரை இருக்கும். வாடகையில் ஐம்பது யூரோ குறைவு என்று ஈ, எஃப் தர வீட்டை எடுத்தால் மிச்சப்படுத்தியது எல்லாம் குளிர்காலத்தில் சூடேற்றுவதிலேயே போய்விடும்.

கையெழுத்துப் போடும்போது மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, வீட்டின் எயர்கோடு. இது ஏழு எழுத்து கொண்ட அஞ்சல் குறியீடு, ஒவ்வொரு வீட்டுக்கும் தனி. இந்த ஊர்ப் பக்கம் அது எச்53 என்று தொடங்கும். இரண்டு, மின் இணைப்பின் எம்.பி.ஆர்.என். எண். மூன்று, குத்தகை ஆர்.டி.பி. என்ற வாடகைக் குடியிருப்பு வாரியத்தில் பதிவாகும் என்ற உறுதி. வாடகைக்கான வரிச் சலுகை தனி ஆளுக்கு வருடத்துக்கு 1,000 யூரோ, தம்பதிக்கு 2,000 யூரோ. அதைக் கேட்க இந்தப் பதிவு முக்கியம்.

மின்சாரத்தைக் குடிபோன அன்றே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். முதல் பில்தான் உங்கள் முகவரிச் சான்று. கணவன், மனைவி இருவர் பெயரும் அதில் வரட்டும். நாங்கள் மனைவி பெயரில் மட்டும் போட்டோம், எனக்கென்று ஒரு சான்று இல்லாமல் இரண்டு மாதம் கழிந்தது.

4. பி.பி.எஸ். எண், வரி, வங்கி

இந்த வரிசையில்தான் செய்ய வேண்டும்.

பி.பி.எஸ். எண் என்பது வரிக்கும் அரசுச் சேவைகளுக்கும் ஒவ்வொருவருக்கும் தரும் அடையாள எண். அதற்குக் கட்டணம் இல்லை. மைவெல்ஃபேர் என்ற அரசு நலத்துறைத் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பாஸ்போர்ட், முகவரிச் சான்று, எண் எதற்குத் தேவை என்பதற்கான சான்று ஆகிய மூன்றும் வேண்டும். வேலை பார்ப்பவருக்கு முதலாளியின் கடிதமே காரணம். இன்னும் மின் பில் வரவில்லையென்றால் முகவரியைக் குறிப்பிட்டு வேலையிடத்து மனிதவளப் பிரிவிலிருந்து கடிதம் வாங்குங்கள். வந்திறங்கிய முதல் நாளே இதைக் கேளுங்கள். வேலை இல்லாமல் கூட வந்திருப்பவருக்கு "வேண்டும்" என்று மட்டும் சொன்னால் எண் தர மாட்டார்கள். குழந்தை உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது, வேலைக்கான அழைப்பு என்று உறுதியான காரணத்தைக் காட்ட வேண்டும். என் முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது இதனால்தான்.

எண் வந்த அன்றே ரெவென்யூ எனப்படும் வரித்துறையின் தளத்தில் மைஅக்கவுன்ட் திறந்து, உங்கள் வேலையைப் பதிவு செய்யுங்கள். இதை முதலாளி செய்வார் என்று இருந்துவிடாதீர்கள், முதல் வேலையை நீங்கள்தான் பதிய வேண்டும். பதியாவிட்டால் அவசர வரி பிடிப்பார்கள். பி.பி.எஸ். எண்ணே இல்லையென்றால் முதல் யூரோவிலிருந்தே 40 சதவீதம், அதற்கு மேல் யூ.எஸ்.சி. என்ற பொதுச் சமூகக் கட்டணம் 8 சதவீதம். எண் இருந்து வேலையைப் பதியாமல் இருந்தாலும் நான்கு வாரத்துக்குப் பிறகு 40 சதவீதம்தான். பதிந்த பிறகு அதிகம் பிடித்தது சம்பளத்தோடு திரும்பி வந்துவிடும், அந்தப் பயம் வேண்டாம். ஆனால் டெபாசிட் கொடுத்துக் கை காலியாக இருக்கும் மாதத்தில் பாதிச் சம்பளம் வருவது நெஞ்சை அடைக்கும்.

திருமணமானவர்கள் அதே தளத்தில் கணவன் மனைவி சேர்ந்த வரிக்கணக்குக்கு மாறிக்கொள்ளுங்கள். 2025 கணக்குப்படி தனி ஆளுக்கு 44,000 யூரோ வரைதான் 20 சதவீத வரி, ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் தம்பதிக்கு 53,000 யூரோ வரை. இதைச் சொல்ல ஆள் இல்லாமல் வருடம் முழுக்க அதிகமாகக் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

வங்கிக்கு அடையாளச் சான்று ஒன்று, முகவரிச் சான்று ஒன்று. முகவரிச் சான்று கடைசி ஆறு மாதத்துக்குள் வந்ததாக இருக்க வேண்டும் என்பார்கள். பி.பி.எஸ். எண் வந்த அரசுக் கடிதம் இதற்கு நன்றாக உதவும், உறையைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். அதுவரை சம்பளம் வாங்க ரெவொலூட் போன்ற செல்பேசிக் கணக்கைப் பலர் வைத்துக்கொள்கிறார்கள். சம்பளப் பிரிவில் அதை ஏற்பார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

5. தொண்ணூறு நாள் கெடு

விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டில் குத்தும் முத்திரையை அங்கேயே நின்று படியுங்கள். அதில் உள்ள தேதிக்குள் குடிவரவுப் பதிவு செய்து ஐ.ஆர்.பி. எனப்படும் குடியிருப்பு அனுமதி அட்டை வாங்க வேண்டும். வழக்கமாக 90 நாள். கட்டணம் பெரியவர் ஒருவருக்கு 300 யூரோ, கணவன் மனைவி என்றால் 600. பதினாறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பதிய வேண்டியதில்லை.

தொண்ணூறு நாள் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். நேரம் ஒதுக்கிக் கிடைப்பதற்கே வாரக்கணக்கில் ஆகும். டப்ளினுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்தப் பதிவு உள்ளூர் கார்டா, அதாவது போலீஸ், அலுவலகங்களில் நடந்துவந்தது. அதைக் கவுண்டி கவுண்டியாக டப்ளின் பர்க் கீ அலுவலகத்துக்கு மாற்றத் தொடங்கினார்கள். போன வருடம் வந்த நண்பர் சொன்னதை நம்பாமல், குடிவரவுத் துறையின் தளத்தில் கால்வே கவுண்டிக்கு இன்று எது என்று பார்த்துவிட்டு, வந்த வாரமே நேரம் கேட்டு வையுங்கள். அட்டை அன்றே கைக்கு வராது, பிறகு தபாலில் வரும். அதற்குள் அவசரமாக ஊருக்குப் போக நேர்ந்தால் சிக்கல். அட்டை கையில் இருந்தால் திரும்பி வரத் தனி விசா தேவையில்லை.

கிரிட்டிக்கல் ஸ்கில்ஸில் வந்தவர்கள் 21 மாத வேலைக்குப் பிறகு ஸ்டாம்ப் 4, அதாவது தனி வேலை அனுமதி தேவைப்படாத தங்கும் உரிமை, கேட்கலாம். அதற்குச் சம்பளச் சீட்டு, வரிச் சுருக்கம் எல்லாம் வேண்டும். முதல் சீட்டிலிருந்தே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

6. குளிரும் ஆயில் டேங்கும்

இதை எந்த ஏஜென்டும் சொல்வதில்லை. ஊர்ப்பக்கத்து வீடுகள் பலவற்றில் சூடேற்றுவது மண்ணெண்ணெயில். வீட்டுக்குப் பின்னால் பச்சை நிறத்தில் பெரிய பிளாஸ்டிக் டேங்க் நிற்கும். நாங்கள் அதை மழைநீர்த் தொட்டி என்று நினைத்தோம். நவம்பரில் ஒரு இரவு ரேடியேட்டர் எல்லாம் சில்லிட்டுப் போனபோதுதான் அது என்னவென்று தெரிந்தது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் டார்ச்சோடு வந்தார். மூடியைத் திறந்து, தோட்டத்தில் கிடந்த ஒரு மூங்கில் குச்சியை உள்ளே விட்டு எடுத்துக் காட்டினார். அடியில் இரண்டு விரல்கடை அளவுக்குத்தான் ஈரம். வற்றும் வரை விட்டால் குழாயில் காற்றுப் புகுந்துவிடும், எண்ணெய் ஊற்றினாலும் பாய்லர் ஓடாது, ஆள் வந்து காற்றை எடுத்துவிட வேண்டும் என்று நிதானமாக விளக்கினார். அந்தக் குச்சி இப்போதும் எங்கள் டேங்கின் பக்கத்தில்தான் சாய்த்து வைத்திருக்கிறது. அரை அடிக் கோடு போட்டிருக்கிறேன், அதற்குக் கீழே போனால் ஆர்டர்.

குடிபோகும் முன் டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்க்காரர்கள் வழக்கமாக 500 லிட்டர் கணக்கில் ஊற்றுவார்கள். பல நூறு யூரோ ஒரே அடியாகப் போகும். செப்டம்பர் மாதத்திலேயே இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்டு நிரப்பிவிடுங்கள். குளிர் இறுகிய பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள், வண்டி வர நாளாகும்.

நம் சமையலில் ஆவி அதிகம். குக்கர், இட்லிப் பானை வைக்கும்போது ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், துணியைப் படுக்கையறையில் காயப்போடாதீர்கள். பூஞ்சை வருவது பெரும்பாலும் இப்படித்தான். அதைச் சொல்லி டெபாசிட்டில் கை வைக்கவும் பார்ப்பார்கள். அதனால் குடிபோகும் அன்றே எல்லாச் சுவரையும் தேதியோடு படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். எண்ணெய், விறகு எதுவானாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

7. டாக்டர்

உடம்பு நன்றாக இருக்கும்போதே ஜி.பி. எனப்படும் குடும்ப டாக்டரிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். புதியவர்களைச் சேர்ப்பதில்லை என்று மூன்று இடத்தில் சொன்னார்கள் எங்களுக்கு. தொலைபேசியில் கேட்டால் இல்லை என்பவர்கள் நேரில் பிள்ளைகளோடு போய்க் கேட்டால் காத்திருப்போர் பட்டியலிலாவது சேர்த்துக்கொள்கிறார்கள். ஊரில் கிடைக்காவிட்டால் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் கேளுங்கள்.

ஒருமுறை பார்க்க 50 முதல் 70 யூரோ வரை ஆகும். எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இலவச ஜி.பி. அட்டை உண்டு, அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஜி.பி. கடிதம் இல்லாமல் நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போனால் 100 யூரோ, கடிதத்தோடு போனால் கட்டணம் இல்லை. மருந்துக்கு டி.பி.எஸ். திட்டத்தில் சேர்ந்துவிட்டால் குடும்பம் முழுவதற்கும் மாதம் 80 யூரோவுக்கு மேல் கட்ட வேண்டியதில்லை. சர்க்கரை, தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மூன்று மாத மருந்தும், மருந்தின் வேதிப் பெயர் எழுதிய சீட்டும் கொண்டு வாருங்கள். நம் ஊர்க் கம்பெனிப் பெயரைச் சொன்னால் இங்கே யாருக்கும் தெரியாது.

8. பிள்ளைகளும் பள்ளியும்

செப்டம்பரில் சேர, முந்தைய இலையுதிர் காலத்திலேயே விண்ணப்பம் தொடங்கிவிடும். நடுவில் வருபவர்கள் தலைமை ஆசிரியருக்கு நேரடியாக எழுதுங்கள். பிறப்புச் சான்று, பி.பி.எஸ். எண், முகவரிச் சான்று கேட்பார்கள். தொடக்கப் பள்ளியில் புத்தகம் இலவசம், சீருடை நம் செலவு. சின்ன வகுப்புப் பிள்ளைகளை மற்றவர்களைவிட ஒரு மணி நேரம் முன்பே விட்டுவிடுவார்கள். மனைவி பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டில் இருக்கும்போது இதை யார் பார்ப்பது என்று முன்பே யோசித்து வையுங்கள்.

பெரும்பாலான பள்ளிகள் கத்தோலிக்கத் திருச்சபையைச் சார்ந்தவை. வேறு மதத்துப் பிள்ளைகளையும் சேர்ப்பார்கள். மத வகுப்பில் உட்கார வேண்டாம் என்று பெற்றோர் சொல்லலாம், எழுதிக் கொடுத்தால் போதும். பள்ளிக்குப் போகும் வயது வராத பிள்ளைக்கு, இரண்டு வயது எட்டு மாதம் முடிந்ததும், ஈ.சி.சி.இ. திட்டத்தில் நாளுக்கு மூன்று மணி நேரம் இலவச மழலையர் வகுப்பு உண்டு. இடங்கள் சீக்கிரம் நிரம்பும்.

குழந்தை உதவித்தொகை ஒரு பிள்ளைக்கு மாதம் 140 யூரோ. நாட்டுக்கு வந்த 12 மாதத்துக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் பழைய மாதங்களுக்குக் கிடைக்காமல் போகலாம்.

9. கார்

ஊருக்குள் நடந்தே காலத்தை ஓட்டலாம். ஆனால் இரவு ஷிஃப்ட், மழை, அத்லோனில் அரிசி மூட்டை என்று வரும்போது கார் இல்லாமல் முடியாது. இந்திய உரிமத்தை இங்கே அப்படியே மாற்றித் தர மாட்டார்கள், முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் வந்த முதல் மாதமே எழுத்துத் தேர்வை முடியுங்கள். கட்டணம் 45 யூரோ, 40 கேள்வியில் 35 சரியாக வேண்டும். அப்புறம் கண் பரிசோதனை அறிக்கையோடு கற்போர் உரிமம். அப்புறம் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியாளரிடம் 12 பாடம். நம் ஊரில் முழு உரிமம் வைத்திருந்ததைச் சான்றோடு காட்டினால் 12க்குப் பதில் 6 பாடம் போதும். ஆர்.டி.ஓ. எக்ஸ்ட்ராக்ட் வாங்கச் சொன்னது இதற்குத்தான்.

ஓட்டுத் தேர்வுக்கு 85 யூரோ. லாக்ரே, அத்லோன் இரண்டும் பக்கத்து மையங்கள். தேதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகும் என்பதால் தகுதி வந்த அன்றே விண்ணப்பியுங்கள். கற்போர் உரிமத்தில் தனியாக ஓட்டக் கூடாது, இரண்டு வருடமாவது முழு உரிமம் வைத்திருப்பவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கார் வாங்கும் முன் காப்பீட்டு விலையைக் கேளுங்கள், பின் அல்ல. 2,000 யூரோவுக்கு நல்ல கார் கிடைத்தது என்று வாங்கிவிட்டு, அதைவிட அதிகமாகக் காப்பீடு கேட்டதும் ஒரு தம்பி திகைத்து நின்றதைப் பார்த்தேன். பழைய காருக்கு என்.சி.டி. என்ற வாகனத் தகுதிப் பரிசோதனை எது வரை இருக்கிறது என்பதையும் பாருங்கள். பத்து வருடம் தாண்டிய வண்டிக்கு அது வருடா வருடம்.

10. கடை, குப்பை, அக்டோபர் சந்தை

அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் ஓரளவு ஊரிலேயே கிடைக்கும். கறிவேப்பிலை, உளுந்து, புளிக்கு அத்லோனிலோ கால்வேயிலோ ஆசியக் கடைக்குப் போக வேண்டும். மாதம் ஒருமுறை இரண்டு மூன்று குடும்பமாகச் சேர்ந்து போய்வருகிறோம்.

குப்பை எடுப்பது தனியார். நீங்களே ஒரு நிறுவனத்தில் சேர்ந்து பணம் கட்ட வேண்டும். வாடகையில் அடங்குமா என்று வீட்டுக்காரரிடம் முதலிலேயே கேளுங்கள். பிளாஸ்டிக் பாட்டில், கேன்களைப் போடாதீர்கள். வாங்கும்போதே சின்னதுக்கு 15 சென்ட், பெரியதுக்கு 25 சென்ட் கூடுதலாகக் கொடுத்திருப்பீர்கள். நசுக்காமல் கொண்டுபோய்ப் பல்பொருள் அங்காடி இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். தொலைக்காட்சி வைத்திருந்தால் வருடம் 160 யூரோ உரிமக் கட்டணம், வீட்டில் ஏற்கெனவே பெட்டி இருந்தாலும் குடியிருப்பவர்தான் கட்ட வேண்டும்.

அக்டோபரில் குதிரைச் சந்தை. ஐரோப்பாவின் மிகப் பழைய குதிரைச் சந்தைகளில் ஒன்று, ஊரே மாறிப்போகும். ஃபேர் கிரீன் திடலில் சேற்றில் குதிரைகள் நிற்கும். விற்பவரும் வாங்குபவரும் விலை பேச, மூன்றாவது ஆள் ஒருவர் இரண்டு பேர் கையையும் பிடித்து இழுத்து ஒன்றோடொன்று அடிக்க வைப்பார். விலை படிந்ததும் விற்றவர் கொஞ்சம் பணத்தை வாங்கியவர் கையில் திருப்பி வைப்பதைப் பார்த்தேன். லக் பென்னி என்கிறார்கள். பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துப் போங்கள், குதிரையின் பின்பக்கம் மட்டும் நிற்க விடாதீர்கள், பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த நாட்களில் வீடு மாற்றுவதையோ, பெரிய வண்டியில் சாமான் வரவழைப்பதையோ வைத்துக்கொள்ளாதீர்கள். ஊருக்குள் போக்குவரத்து நெரியும், வண்டி நிறுத்த இடம் இருக்காது, சுற்றுவட்டாரத்தில் தங்க அறையும் கிடைக்காது. வேலையில் சேரும் தேதி அக்டோபர் தொடக்கத்தில் விழுந்தால், தற்காலிகத் தங்குமிடத்தை ஆகஸ்டிலேயே உறுதி செய்துவிடுங்கள்.